நல்லுணவுப் பித்து

நாமக்கல்லைச் சுற்றியுள்ள கோழிப்பண்ணைகளிலிருந்து நாள்தோறும் கோடிக்கணக்கான முட்டைகள் வெளியே செல்கின்றன. கேரளத்துக்குச் செல்கின்றன, கடல் கடந்தும் செல்கின்றன, 1989 முதல் தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளின் சத்துணவுத் தட்டிலும் முட்டை இடம் பெற்றிருக்கிறது. இத்தகைய ஊரில், கல்லூரி விடுதி ஒன்றில், காலை வேளையில் உடற்பயிற்சி முடித்து வரும் மாணவன் ஆறு முட்டைகளை அவித்து உரிக்கிறான். வெள்ளைக்கருவை மட்டும் உண்கிறான். மஞ்சட்கரு ஆறையும் குப்பைத் தொட்டியில் போடுகிறான். ஏன் என்று கேட்டால், "அதில் கொழுப்பு இருக்கிறது" என்பான். அடுத்த அறையில் இருப்பவன் அதற்கும் மேலே ஒருபடி சென்றவன். அவன் முட்டையைத் தொடுவதில்லை, பாலைத் தொடுவதில்லை, அரிசியை விட்டு ஓராண்டு ஆயிற்று, இப்பொழுது விடுதிச் சாப்பாட்டறைக்கு வருவதையே நிறுத்திவிட்டான்.

முதலாமவனிடம் இருப்பது ஒரு தவறான செய்தி. அதைத் திருத்துவது எளிது. ஒரு முட்டையில் ஏறக்குறைய ஆறு கிராம் புரதம் உண்டு. அதில் ஐந்தில் இரண்டு பங்கு மஞ்சட்கருவிலேயே இருக்கிறது. உயிர்ச்சத்து ஏ, உயிர்ச்சத்து டி, பி12 ஆகியவையும், மூளைக்கு வேண்டிய கோலின் என்னும் பொருளும் பெரும்பாலும் மஞ்சட்கருவில்தான் உள்ளன. நம் குருதியில் ஓடும் கொலஸ்டிராலில் பெரும்பகுதி நம் கல்லீரலே செய்துகொள்வது. நாளொன்றுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் உணவில் கொலஸ்டிரால் கூடாது என்று நெடுங்காலம் சொல்லிவந்த அமெரிக்க அரசின் உணவு நெறிகள், 2015 ஆம் ஆண்டுப் பதிப்பில் அந்த எண்ணை விட்டுவிட்டன. நீரிழிவோ நெஞ்சக நோயோ உடையவர்கள் மருத்துவரைக் கேட்டு நடக்க வேண்டும் என்பது வேறு செய்தி. இருபது வயது மாணவன் மஞ்சட்கருவை வீசுவதற்குக் காரணம் எதுவும் இல்லை. சிலர் முட்டையைப் பச்சையாகவே உடைத்துக் குடிக்கிறார்கள். பச்சை வெள்ளைக்கருவிலுள்ள அவிடின் என்னும் பொருள் பயோட்டின் என்னும் உயிர்ச்சத்தை உடலில் சேரவிடாமல் பற்றிக்கொள்ளும். சால்மொனெல்லா கிருமியின் அபாயமும் உண்டு. அவித்த முட்டைக்கு இந்தக் குறைகள் இல்லை.

இரண்டாமவனுக்கு இவ்வாறு கணக்குச் சொல்லித் திருத்த இயலாது. அவனுக்குச் செய்தி குறைவில்லை, மிகுதி. அவனைப் பற்றியதே இப்பேச்சு.

உணவைத் தூய்மைப்படுத்த வேண்டும் என்னும் எண்ணம் முற்றி, அதுவே வாழ்வை ஆளத் தொடங்கும் நிலைக்கு ஆர்த்தோரெக்சியா என்று பெயர் வைத்தவர் அமெரிக்க மருத்துவர் ஸ்டீவன் பிராட்மன். கிரேக்க மொழியில் 'ஆர்த்தோஸ்' என்றால் நேரானது, சரியானது. 'ஒரெக்சிஸ்' என்றால் பசி, வேட்கை. 1997 இல் யோகா ஜர்னல் என்னும் இதழில் அவர் எழுதிய கட்டுரையில் இச்சொல் பிறந்தது. சேலத்திலிருந்து பிரிந்து நாமக்கல் தனி மாவட்டமானதும், சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம் தொடங்கப்பெற்றதும் அதே 1997 இல்தான். ஒன்றுக்கொன்று தொடர்பு ஏதும் இல்லை. நினைவில் வைத்துக்கொள்ள எளிது என்பதற்காகச் சொல்கிறேன்.

பிராட்மன் தம்மையே முதல் நோயாளியாக வைத்து எழுதினார். இளமையில் அவர் ஒரு கூட்டுப் பண்ணையில் சமையற்காரராகவும் உழவராகவும் இருந்தவர். பறித்துச் சிறிது நேரமே ஆன காய்களை அன்றி வேறு காய்களை உண்பதில்லை என்று விரதம் பூண்டார். ஒவ்வொரு கவளத்தையும் ஐம்பது முறை மென்றார். பிறரோடு உட்கார்ந்து உண்பதை விட்டுத் தனியிடம் தேடினார். சில காலம் உடல் இலேசாக இருந்தது; உள்ளத்தில் ஓர் உயர்வு எண்ணமும் பிறந்தது. கண்டதைத் தின்னும் மற்றவர்களைக் காணும்போது இரக்கம் தோன்றியது. பின்னர், உணவைத் தவிர வேறு எதைப் பற்றியும் பேச முடியாதவராகத் தாம் ஆகிவிட்டதை உணர்ந்தார். இந்நோயின் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. உடல் மெலிவதற்கு முன்பே உறவு மெலிந்துவிடுகிறது.

இதை நோய் என்று கூறலாமா என்பதில் மருத்துவ உலகம் இன்னும் ஒருமுடிவுக்கு வரவில்லை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013 இல் வெளியிட்ட நோய்ப்பட்டியலின் ஐந்தாம் பதிப்பில் இதற்குத் தனியிடம் இல்லை. 2016 இல் பிராட்மனும் தாமஸ் டன் என்பவரும் சேர்ந்து சில அடையாளங்களை வகுத்தனர். உணவைப் பற்றிய எண்ணம் ஓயாமல் வருத்துதல், விதி ஒன்று தவறினால் அழுக்குப் பட்டதுபோல் வெட்கமும் அச்சமும் கொள்ளுதல், விலக்கும் பொருள்கள் நாளுக்கு நாள் பெருகுதல், அதனால் உடலோ படிப்போ உறவோ கெடுதல் என்பவை அவை. கடைசியில் சொன்ன அடையாளம் மிக முக்கியமானது. இத்தாலியில் உருவான ஒரு வினாத்தாளைக் கொண்டு அமெரிக்க மாணவர்களை ஆராய்ந்தபோது, நூற்றுக்கு எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் நோயாளிகள் என்று வந்தது. வாழ்வு கெட்டிருக்கிறதா என்ற கேள்வியையும் சேர்த்துப் பார்த்தபோது, அதே மாணவர்களில் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. 2017 இல் வெளியான இந்த ஆராய்ச்சி நமக்கு ஓர் எச்சரிக்கை. கீரை தின்பவனையெல்லாம் நோயாளி என்று சொல்லிவிடக் கூடாது. ஆனால் அந்த ஒருவன் நம் வீட்டுப் பிள்ளையாக இருந்தால், நூற்றுக்கணக்கு நமக்கு ஆறுதல் தராது.

நம் பகுதியில் இதற்கு ஒரு தனி நிலம் பண்படுத்தப்பட்டிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. நாமக்கல், இராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரங்களில் தங்கிப் படிக்கும் பள்ளிகள் பெருகியபோது, பத்திரிகைகள் அவற்றுக்குப் 'பிராய்லர் பள்ளிகள்' என்று கேலிப்பெயர் சூட்டின. கோழிப்பண்ணை மிகுந்த ஊராதலின் பெயர் ஒட்டிக்கொண்டது. விடியுமுன் எழுதல், இரவு வரை உட்கார்ந்திருத்தல், அரை மதிப்பெண் குறைந்தாலும் விசாரணை. இவ்வாறு இரண்டு ஆண்டு வாழ்ந்த பிள்ளை கல்லூரிக்குள் நுழைகிறது. மதிப்பெண்ணை எண்ணிப் பழகிய மனம் திடீரென்று எண்ணுவதற்கு ஒன்றும் இல்லாமல் நிற்கிறது. அப்போது கையிலிருக்கும் தொலைபேசி கலோரியை எண்ணக் கற்றுக்கொடுக்கிறது. நடந்த அடிகளை எண்ணுகிறது. உறங்கிய நிமிடங்களை எண்ணுகிறது. குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வந்த மாணவனுக்குப் படிப்பு கைக்கு அடங்காமல் போகலாம், ஆங்கிலம் அடங்காமல் போகலாம், தட்டு அடங்கும். தட்டின் மேல் கிடைக்கும் அந்த வெற்றியே அவனைப் பிடித்துக்கொள்கிறது. ஊரிலிருந்து வரும் தந்தையும், "எங்கள் பையன் கெட்ட பழக்கம் ஒன்றும் இல்லாதவன், எண்ணெய்ப் பண்டம்கூடத் தொடமாட்டான்" என்று பெருமையாகவே சொல்லுவார்.

பசித்த உடல் மனத்தை என்ன செய்யும் என்பதற்கு இரண்டாம் உலகப் போரின்போது நடந்த ஒரு சோதனை சான்று. அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்னும் அறிஞர் 1944 இறுதியில் தொடங்கினார். போரில் ஆயுதம் ஏந்த மறுத்த இளைஞர் 36 பேர் தாமாகவே முன்வந்தனர். உடலாலும் உள்ளத்தாலும் நல்ல நிலையில் இருந்தவர்கள் என்று சோதித்தே அவர்களைத் தேர்ந்தெடுத்தனர். ஆறு மாதம் அரை உணவு கொடுத்தபோது, உடல் எடையில் ஏறக்குறையக் கால் பங்கு குறைந்தது. அது எதிர்பார்த்ததே. எதிர்பாராதது வேறு. அவர்கள் சமையற் புத்தகங்களைச் சேகரிக்கத் தொடங்கினர். ஒரு கவளத்தை வைத்துக்கொண்டு நெடுநேரம் கழித்தனர். நண்பரை ஒதுக்கினர், எரிச்சலும் சோர்வும் கொண்டனர், கனவிலும் உணவே வந்தது. இவர்களுக்கு முன்பு இந்தக் குணங்கள் இல்லை. ஆகவே, உணவைப் பற்றிய ஓயாத எண்ணம் சில வேளை பட்டினிக்குக் காரணம். பல வேளை பட்டினியின் விளைவு. உணவைக் குறைக்கக் குறைக்க எண்ணம் பெருகும். எண்ணம் பெருகப் பெருக இன்னும் குறைக்கத் தோன்றும். விடுதி மாணவன் இந்தச் செக்கைச் சுற்றுகிறான். 'மன உறுதி வேண்டும்' என்று அவனுக்கு உபதேசம் செய்வது பயனற்றது; அவனிடம் அது வேண்டிய அளவுக்கு மேலாகவே இருக்கிறது.

உணவில் சோதனை செய்வதே தவறு என்று சொல்ல வரவில்லை. மாணவராக இருந்து உணவுச் சோதனையில் ஈடுபட்டவர்களில் மோகன்தாஸ் காந்தியைப்போல் பெயர் பெற்றவர் இல்லை. 1888 முதல் 1891 வரை இலண்டனில் சட்டம் படித்த காலத்தில், மாவுப் பண்டங்களை விட்டுப் பார்த்தார். ரொட்டியும் பழமும் மட்டும் உண்டு பார்த்தார். பாலும் பாலாடைக்கட்டியும் முட்டையும் கொண்டு இரண்டு வாரம்கூட நீடிக்காத சோதனை ஒன்றும் செய்தார். முட்டை புலால் அன்று என்று இலண்டன் நண்பர் சிலர் வாதித்தபோதிலும், தாயிடம் சத்தியம் செய்தபோது புலால் என்பதற்குத் தாய் கொண்ட பொருளே தமக்குப் பொருள் என்று முடிவு செய்து அதை விட்டார். இத்தனை கட்டுப்பாடு இருந்தும் அவர் தனியரானாரா? இல்லை. சைவ உணவுச் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் சேர்ந்தார். தாம் குடியிருந்த பேட்டையில் ஒரு கிளைச் சங்கம் தொடங்கினார். கூச்சம் மிகுந்த அந்த இளைஞருக்கு ஆங்கில நாட்டில் நண்பர்கள் கிடைத்ததே உணவின் வழியாகத்தான். பிற்காலத்தில், 1918 இல் கடுமையாக நோயுற்றபோது, பால் உண்பதில்லை என்று விரதம் பூண்டிருந்த அவர், மனைவியார் கஸ்தூரிபாயின் சொல்லைக் கேட்டு ஆட்டுப்பாலை ஏற்றார். 1929 இல் சமைக்காத உணவை மட்டும் உண்டு பார்த்தார். உடல் கெட்டதும் நிறுத்தினார். நிறுத்தியதை அவர் மறைக்கவும் இல்லை. மனிதரிடம் கொண்டுபோய்ச் சேர்த்த நோன்பு அது. மாறவும் இடம் வைத்த நோன்பு. மாணவனின் நோன்பைப் பார்க்கும்போது இந்த இரண்டையும் கேட்டுப் பார்க்கலாம்.

சமைக்காத உணவைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். 'பச்சையாக உண்பதே இயற்கை' என்னும் கொள்கை இப்பொழுது யூடியூபில் மிகுதியாகப் பரவுகிறது. சேலம் நாமக்கல் சீமையில் பிறந்த ஒருவன் இதை நம்புவது எனக்கு வியப்பாகவே இருக்கிறது. நம் புன்செய்களில் விளையும் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, பச்சையாகத் தின்னத்தக்கதா? அதனுள் சயனைடு நஞ்சை வெளிவிடும் பொருள் உண்டு. உரித்து, நீரில் இட்டு, வேகவைத்த பின்பே அது உணவாகிறது. ஆலையில் அரைத்துக் கழுவிப் பால் எடுத்து வறுத்த பின்பே சவ்வரிசியாகிறது. இந்த வட்டாரத்தின் ஒரு பெருந்தொழிலே நெருப்பாலும் நீராலும் நஞ்சை நீக்குவதில் நிற்கிறது. சுரைக்காய்ச் சாறும் அப்படியே. நல்ல சுரைக்காய் தீங்கற்றது. ஆனால் சில காய்களில் குக்கர்பிட்டாசின் என்னும் கசப்பு நஞ்சு ஏறிவிடும். 2010 இல் தில்லியில் கசந்த சுரைக்காய்ச் சாற்றை மருந்தென்று குடித்த ஒருவர் உயிரிழந்தார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நிபுணர் குழு அமைத்து ஆராய்ந்து, கசக்கும் சாற்றைக் குடிக்கவே கூடாது என்று அறிவுறுத்தியது. நாக்கு தந்த எச்சரிக்கையைக் கொள்கை அடக்கிவிட்டதால் வந்த சாவு அது.

பட்டினியால் வரும் சாவும் நமக்குத் தொலைவில் இல்லை. 2025 மார்ச்சு மாதம் கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில் பதினெட்டு வயதுக் கல்லூரி மாணவி ஒருத்தி, எடை கூடும் என்னும் அச்சத்தால் உணவைப் பல மாதம் குறைத்து உயிர் துறந்தாள். அது அனரெக்சியா என்னும் நோய் என்று மருத்துவர்கள் கூறினர். தூய்மைக்காக விலக்குவது ஆர்த்தோரெக்சியா. மெலிவதற்காக விலக்குவது அனரெக்சியா. ஏட்டில் இந்த வேறுபாடு தெளிவாக இருக்கிறது. வாழ்க்கையில் ஒன்று மற்றொன்றின் போர்வையைப் போர்த்திக்கொண்டு வரும். 'எனக்குப் பசிக்கவில்லை' என்று சொன்னால் தாய் விடமாட்டாள். 'உடம்புக்கு ஆகாது' என்று சொன்னால் விட்டுவிடுவாள்.

இத்தனை சொன்ன பிறகு, மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். நம் மாணவர்களில் பெரும்பாலோருக்கு நல்லுணவுப் பித்து இல்லை, நல்லுணவே இல்லை. கல்லூரிப் பேருந்து விடியற்காலையில் சிற்றூர்களைச் சுற்றி வருவதால் காலைச் சிற்றுண்டி தவறுகிறது. நண்பகலில் எலுமிச்சஞ்சோறு, மாலையில் சேலத்துத் தெருவில் தட்டுவடைச் செட்டு, இரவில் பரோட்டா, நள்ளிரவு தாண்டியும் தொலைபேசி. தட்டுவடைச் செட்டை நான் குறை கூறமாட்டேன். காரட்டும் பீட்ரூட்டும் துருவி வைத்த அப்பண்டத்தை எப்போதோ ஒருநாள் உண்பதால் ஒருவனுக்கும் கேடு இல்லை. கேடு வருவது வேறு வழியாக. புகையிலை, மது, உடலை அசைக்காமை, தகாத உணவு ஆகிய நான்கையும் உலகச் சுகாதார நிறுவனம் தொற்றா நோய்களுக்கு வித்தென்று சொல்கிறது. உதட்டுக்கு அடியில் அடக்கிக்கொள்ளும் புகையிலைப் பொட்டலம் மாணவர் கைக்கு வந்துவிட்டது. வாரத்துக்கு 150 நிமிடமாவது வேகமாக நடத்தல் போன்ற உழைப்பு வேண்டும் என்பது அந்நிறுவனம் 2020 இல் கூறிய அளவு. ஆய்வுக்கூடத்திலும் பேருந்திலும் உட்கார்ந்தே நாளைக் கழிப்பவருக்கு அதில் பாதியும் கிட்டுவதில்லை.

இதன் விளைவு என்ன? 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53.4 பேருக்கு இரத்தச் சோகை. அதே பெண்களில் நூற்றுக்கு 40.4 பேர் எடை மிகுந்தவர். வயிறு நிறைந்தும் இரத்தம் குறைந்திருக்கிறது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக 2023 இல் வெளியான ஆராய்ச்சி மதிப்பிட்டது. ஆகவே ஒரு மாணவி, சோகையோடு கல்லூரிக்கு வந்து, அங்கே யாரோ சொன்னதைக் கேட்டு முட்டை, பால், பருப்பு மூன்றையும் விட்டால், இருக்கும் சிறு சேமிப்பும் கரைகிறது. எலும்பு தன் முழு வலிமையைச் சேர்த்துக்கொள்ளும் வயதும் அதுவே.

புரத மாவு டப்பாவுக்கு மாதந்தோறும் ஆயிரக்கணக்கில் பணம் கொடுக்கும் மாணவர்களுக்கு ஒரு கணக்கு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020 இல் வகுத்தபடி, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் போதும். அறுபது கிலோ எடையுள்ளவனுக்கு ஐம்பது கிராம். இரண்டு முட்டை, இரு வேளை பருப்பு, ஒரு குவளைத் தயிர், கைப்பிடி நிலக்கடலை, இவற்றோடு சோறும் இட்லியும் தருவது சேர்ந்தால் அந்த அளவு வந்துவிடும். நிலக்கடலையும் கொள்ளும் தட்டைப்பயறும் இந்தச் செம்மண் விளைச்சல். 2024 இல் ஐதராபாத்துத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட 17 நெறிகளில், உடலைப் பெருக்கப் புரத மாவு உண்ணுவதைத் தவிர்க்குமாறு சொல்லியிருக்கிறது. அந்நிறுவனம் ஒரு காலத்தில் நம் குன்னூரில் இருந்தது. இராபர்ட் மக்காரிசன் அங்கே எலிகளுக்கு இந்தியாவின் வெவ்வேறு பகுதியினர் உண்ணும் உணவைக் கொடுத்து வளர்த்து ஆராய்ந்தார். கொல்லிமலைச் சாமையும் கேழ்வரகும் ஏழையின் உணவாக இருந்து, மரவள்ளிக்கு இடம் கொடுத்து ஒதுங்கி, இன்று வண்ணப் பொட்டலத்தில் மும்மடங்கு விலையில் திரும்பி வருகின்றன. பாட்டி கிண்டிய களியை மறுத்தவன் அந்தப் பொட்டலத்தை வாங்குகிறான். வாங்கட்டும், உண்டால் நல்லதே.

இனி, பித்துக்கொண்டவனை எவ்வாறு அறிவது, என்ன செய்வது என்பதைச் சொல்லி முடிக்கிறேன். எடை மட்டும் அடையாளம் ஆகாது. திருமணம், திருவிழா, நண்பன் பிறந்தநாள் ஆகியவற்றுக்குப் போகாமல் இருக்கக் காரணம் தேடுகிறானா என்று பாருங்கள். விலக்கிய பட்டியல் சென்ற ஆண்டைவிட நீண்டிருக்கிறதா? ஒருநாள் விதி தவறினால் மறுநாள் பட்டினி கிடந்து தண்டனை செலுத்துகிறானா? மாதவிலக்கு நின்றுபோதல், எப்போதும் குளிர்தல், முடி உதிர்தல், எழுந்து நிற்கும்போது மயக்கம் ஆகியவை இருந்தால் காத்திருக்க வேண்டாம்.

விடுதிக் காப்பாளர் கூட்டத்தின் நடுவில் அவனைக் கேலி செய்யலாகாது. பெற்றோர் வற்புறுத்தி ஊட்டவும் கூடாது. இதில் ஓர் உண்மையான அபாயம் உண்டு. நெடுநாள் பட்டினி கிடந்த உடலுக்குத் திடீரென்று நிறைய உணவு கொடுத்தால், குருதியில் பாஸ்பேட்டு முதலிய உப்புகள் விரைவாகக் குறைந்து இதயம் நின்றுவிடக்கூடும். மிகவும் மெலிந்தவரை மருத்துவமனையில் வைத்துச் சிறிது சிறிதாகவே உணவைக் கூட்ட வேண்டும். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் உடல் மருத்துவரும் மனநல மருத்துவரும் ஒரே வளாகத்தில் இருக்கிறார்கள். இந்நோய்க்கு இருவரும் வேண்டும். பேருந்தேறிச் செல்லத் தயங்குபவர்களுக்கு, 2022 இல் தொடங்கிய டெலி மானஸ் என்னும் அரசு மனநல உதவி எண் 14416 இரவும் பகலும் இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம். பேசும்போது, என்ன உண்கிறான் என்ற பட்டியலோடு, கடைசியாக யாரோடு உட்கார்ந்து உண்டான் என்பதையும் சொல்லுங்கள்.